ஸ்ப்ரெட்ஷீட்டில் லீனியர் புரோகிராமிங்: ஒரு ரங்கூன் பலகாரப் பட்டறையை வைத்து முழு வழிகாட்டி

ரங்கூனில் என் சித்தப்பா வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்னப் பலகாரப் பட்டறை வைத்திருக்கிறார். முறுக்கும் காராசேவும்தான் முக்கிய சரக்கு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் அவருக்கும் சித்திக்கும் ஒரே பேச்சுதான், அடுத்த வாரம் எதை எவ்வளவு போடுவது என்று. "காராசேவில் வீசைக்கு 4,000 கியாட் நிற்கிறது, முறுக்கில் 3,000தான், காராசேவையே போடுவோம்" என்பார் சித்தப்பா. "கடலை மாவு வியாழக்கிழமையே தீர்ந்துவிடும், அப்புறம் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்" என்பார் சித்தி. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்து ஒரு எண் சொல்ல வாயால் பேசி முடியாது. அதற்கென்றே இருக்கிற கணக்குதான் லீனியர் புரோகிராமிங். கல்லூரிப் புத்தகங்களில் நேரியல் திட்டமிடல் என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். 1947இல் ஜார்ஜ் டான்ட்ஸிக் அமெரிக்க விமானப்படைக்காக இந்தக் கணக்குக்கு வழி கண்டுபிடித்தபோது, அங்கே புரோகிராம் என்றால் பயிற்சிக்கும் சரக்கு அனுப்புவதற்கும் போடுகிற திட்டம் என்றுதான் பொருள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவருக்கு முன்பே, 1938-39இல், லெனின்கிராடில் லியோனிட் கான்டரோவிச் ஒரு பிளைவுட் ஆலைக்காக இதே மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொண்டார்: எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை உரித்தால் மொத்தத்தில் அதிகம் கிடைக்கும்? அவருக்கு 1975இல் டியாலிங் கூப்மன்ஸுடன் சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பிளைவுட் ஆலையின் கேள்வியும் பலகாரப் பட்டறையின் கேள்வியும் ஒரே ஜாதி.

முதலில் பேப்பர், அப்புறம்தான் ஷீட்

பலரும் நேராக ஷீட்டைத் திறந்து எண்களைக் கொட்டுவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன், அரை மணி நேரத்தில் எது எதற்கு என்று எனக்கே தெரியாமல் போனது. அதனால் முதலில் ஒரு பேப்பரில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

நம் கையில் இருக்கும் முடிவு எது? சித்தப்பாவுக்கு இரண்டே முடிவுகள்: வாரத்துக்கு எத்தனை வீசை முறுக்கு, எத்தனை வீசை காராசேவு. எண்ணெய் விலை நம் முடிவு இல்லை, அது சந்தை சொல்வது. ஆட்கள் எத்தனை பேர் என்பதும் இந்த வாரத்துக்கு நம் முடிவு இல்லை.

எதை அதிகமாக்க வேண்டும், அல்லது குறைக்க வேண்டும்? இங்கே வாரத்து லாபம். இந்த இடத்தில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், கவனமாகப் படியுங்கள். வீசைக்கு லாபம் என்று போடும்போது விற்பனை விலையிலிருந்து மாவு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பாக்கெட் என்று அந்த ஒரு வீசைக்காகவே செலவாகிறதை மட்டும் கழியுங்கள். வாடகையைக் கழிக்காதீர்கள். முறுக்கு போட்டாலும் போடாவிட்டாலும் வாடகை அதேதான். அதை வீசைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கழித்தால் நல்ல லாபம் தரும் பண்டம்கூட நஷ்டம் போலத் தெரிந்து, கணக்கு அதைத் தூக்கிவிடும். வாரச் சம்பளம் வாங்கும் ஆட்கள் கூலியும் அப்படித்தான்.

நம்மைத் தடுப்பது எது? சித்தப்பா சொன்னது மூன்று. கடலை மாவு வாரத்துக்கு 70 வீசைக்கு மேல் மில்லில் தர மாட்டார்கள். பொரிக்கிற பாமாயில் 45 வீசை. அது மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வர வேண்டியது, எப்போது தட்டுப்பாடு வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கடைக்காரர் அளந்துதான் கொடுக்கிறார். மூன்றாவது ஆட்கள் நேரம், வாரத்துக்கு 60 மணி. அரிசி மாவு வேண்டிய அளவு கிடைக்கிறது, அதனால் அதை எழுத வேண்டியதே இல்லை.

அப்புறம் ஒரு வீசைக்கு எது எவ்வளவு போகிறது என்று சித்தியிடம் கேட்டேன். சித்தி சொன்னதைக் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன். முறுக்கு ஒரு வீசைக்குக் கடலை மாவு 0.2 வீசை, எண்ணெய் 0.3 வீசை, நேரம் 0.5 மணி, ஏனென்றால் ஒவ்வொன்றாகப் பிழிந்து சுற்ற வேண்டும். காராசேவுக்குக் கடலை மாவு 0.7, எண்ணெய் 0.3, நேரம் 0.25 மணி மட்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பர்மா வீசை 1.633 கிலோ, அதாவது நூறு திக்கல். தமிழ்நாட்டில் பழைய ஆட்கள் சொல்லும் வீசை கிட்டத்தட்ட 1.4 கிலோதான். பெயர் ஒன்று, எடை வேறு. மாவை வீசையிலும் எண்ணெயை லிட்டரிலும் பலகாரத்தைக் கிலோவிலும் எழுதினால் ஷீட் ஒன்றும் சொல்லாது, வாயை மூடிக்கொண்டு தப்பான விடையைத் தரும். ஒரு தடைக்குள் வருகிற எல்லா எண்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை விரல் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் நேர்கோடாக இருக்கிறதா?

லீனியர் என்று பெயர் வந்ததற்குக் காரணம் இதுதான்: இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு மாவு, இரண்டு மடங்கு லாபம், முறுக்குக்குப் போவதும் காராசேவுக்குப் போவதும் கூட்டினால் மொத்தம். முடிவு எண்களை ஒன்றோடொன்று பெருக்கவோ வகுக்கவோ கூடாது. நூறு வீசைக்கு மேல் விற்றால் விலையை இறக்க வேண்டி வரும் என்றால் அது நேர்கோடு இல்லை, அதற்குத் தனி வழி வேண்டும். சின்னப் பட்டறை, சின்னக் கடைகளில் பெரும்பாலும் நேர்கோடே போதும்.

ஷீட்டை அமைப்பது

செல் பெயர்களையும் ஃபங்ஷன் பெயர்களையும் நான் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஷீட் இப்படி இருக்கட்டும்:

| வரிசை | ஏ | பி (முறுக்கு) | சி (காராசேவு) | டி (மொத்தம்) | ஈ (இருப்பு) |
|---|---|---|---|---|---|
| 3 | போடும் வீசை | 0 | 0 | | |
| 4 | லாபம் | 3000 | 4000 | ஃபார்முலா | |
| 5 | கடலை மாவு | 0.2 | 0.7 | ஃபார்முலா | 70 |
| 6 | எண்ணெய் | 0.3 | 0.3 | ஃபார்முலா | 45 |
| 7 | ஆள் நேரம் | 0.5 | 0.25 | ஃபார்முலா | 60 |

பி3, சி3 இரண்டும்தான் முடிவு செல்கள். அவற்றுக்கு மஞ்சள் நிறம் பூசிவிடுங்கள், அழகுக்காக இல்லை, ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரிய வேண்டும். டி4இல் =சம்ப்ராடக்ட்(பி$3:சி$3, பி4:சி4) என்று எழுதுங்கள். மேல் வரிசையையும் அந்த வரிசையையும் ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டுவதுதான் இந்த ஃபங்ஷனின் வேலை. 3க்கு முன்னால் டாலர் குறி இருப்பதால், டி4ஐ அப்படியே கீழே டி7 வரை இழுத்தாலும் மேல் வரிசை நகராது. சில கம்ப்யூட்டர்களில் நடுவில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும், அது மொழி அமைப்பைப் பொறுத்தது.

எண்களை ஃபார்முலாவுக்குள் புதைக்காதீர்கள். 0.7 என்பது ஃபார்முலாவுக்குள் ஒளிந்திருந்தால் நாளைக்குச் சித்தி பக்குவத்தை மாற்றும்போது யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சிறந்த விடையைத் தானே தேடித் தரும் கருவி ஷீட்டிலேயே உண்டு, அதன் பெயர் சால்வர். அதைத் தொடுவதற்கு முன்னால் கையால் சோதியுங்கள். சித்தப்பா சொன்னபடி காராசேவு மட்டும்: சி3இல் 100 போடுங்கள். கடலை மாவு சரியாக 70 வந்து நிற்கும், லாபம் 4,00,000. எண்ணெய் 30தான் போயிருக்கும், நேரம் 25 மணிதான். அதாவது 15 வீசை எண்ணெயும் 35 மணி நேர உழைப்பும் வெறுமனே கிடக்கின்றன. சித்தி சொன்னது இதைத்தான். இனி முறுக்கு மட்டும் 120 போட்டுப் பாருங்கள்: நேரம் 60 ஆகிவிடும், லாபம் 3,60,000. இரண்டும் சரியான விடை இல்லை, ஆனால் ஃபார்முலாக்கள் சரி என்று இப்போது நமக்குத் தெரியும்.

சால்வரை ஓட்டுவது

எக்ஸலில் சால்வர் முதலில் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே எக்ஸல் ஆட்-இன்ஸ் என்று இருக்கும்போது கோ அழுத்தி, சால்வர் ஆட்-இன் என்பதில் டிக் போடுங்கள். அதற்கப்புறம் டேட்டா மெனுவின் வலது ஓரத்தில் வந்து உட்காரும். லிப்ரேஆபீஸ் கால்க்கில் டூல்ஸ் மெனுவுக்குள் சால்வர் நேராகவே இருக்கிறது. காசு கிடையாது, இன்டர்நெட்டும் வேண்டாம், கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் லேப்டாப் பேட்டரியில் வேலையை முடிக்க எனக்கு இதுதான் கைகொடுத்தது. கூகுள் ஷீட்ஸில் தானாக இது கிடையாது, தனியாக ஆட்-ஆன் போட வேண்டும்.

எக்ஸல் பெட்டியில் செட் அப்ஜெக்டிவ் என்ற இடத்தில் டி4, அதற்குக் கீழே மேக்ஸ். மாற்றும் செல்கள் என்ற இடத்தில் பி3:சி3. ஆட் பொத்தானை அழுத்தி டி5:டி7 <= ஈ5:ஈ7 என்று மூன்று தடைகளையும் ஒரே வரியில் சேர்க்கலாம். மாறிகள், அதாவது நம் முடிவு எண்கள், பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்கிற டிக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மைனஸ் முறுக்கு போடச் சொல்லும். கடைசியாக முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஜிஆர்ஜி நான்லீனியர் என்று இருப்பதைச் சிம்ப்ளெக்ஸ் எல்பி என்று மாற்றுங்கள். இதை மறக்கவே கூடாது. அப்புறம் சால்வ்.

லிப்ரேஆபீஸிலும் இதே விஷயங்கள்தான், பெயர்கள் கொஞ்சம் வேறு: டார்கெட் செல், மேக்சிமம், பை சேஞ்சிங் செல்ஸ், கீழே லிமிட்டிங் கண்டிஷன்ஸ். ஆப்ஷன்ஸுக்குள் போய் லீனியர் சால்வரைத் தேர்ந்தெடுத்து, மாறிகள் மைனஸ் ஆகக்கூடாது என்கிற டிக்கையும் அங்கேயே போடுங்கள்.

விடை: முறுக்கு 70 வீசை, காராசேவு 80 வீசை, லாபம் 5,30,000 கியாட். காராசேவு மட்டும் போட்டதைவிட 1,30,000 அதிகம், ஒரு பிடி கடலை மாவுகூடக் கூடுதலாக வாங்காமல்.

ஏன் இந்த இடத்தில் நிற்கிறது? கிராஃப் பேப்பரில் மூன்று தடைகளையும் மூன்று கோடாகப் போட்டால் நடுவில் ஒரு ஐங்கோணம் கிடைக்கும். அதன் மூலைகள்: எதுவும் போடாத மூலை, முறுக்கு மட்டும் 120, முறுக்கு 90 காராசேவு 60, முறுக்கு 70 காராசேவு 80, காராசேவு மட்டும் 100. எல்லாம் நேர்கோடாக இருப்பதால் மிகச் சிறந்த விடை ஏதாவது ஒரு மூலையில் கட்டாயம் இருக்கும். சிம்ப்ளெக்ஸ் முறை ஒரு மூலையில் நின்று, பக்கத்து மூலை இதைவிட நல்லதா என்று பார்த்து நகர்கிறது, நல்ல பக்கத்து மூலை இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு மாறிக்கு நாமே வரைந்து பார்க்கலாம், ஒரு தடவை வரைந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதற்கப்புறம் சால்வர் சொல்லும் எதுவும் மந்திரம் போலத் தெரியாது. மாறிகள் கூடினால் வரைய முடியாது, ஆனால் எக்ஸலோடு வரும் சால்வர் 200 மாறி வரை தாங்கும்.

விடையைவிட மதிப்பான எண்

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சால்வ் ஆனதும் எக்ஸலில் வலதுபக்கம் சென்ஸிட்டிவிட்டி என்று ஒரு ரிப்போர்ட் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் தனி ஷீட்டாக வரும். அதில் ஷேடோ பிரைஸ் என்று ஒரு பத்தி. அந்தப் பொருள் இன்னும் ஒரு வீசை கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்பதுதான் அது. நான் அதைத் தட்டுப்பாட்டின் விலை என்று சொல்வேன்.

நம் பட்டறையில் எண்ணெய்க்கு 8,667, கடலை மாவுக்கு 2,000, ஆள் நேரத்துக்கு பூஜ்யம். நேரத்தில் 55 மணிதான் போகிறது, 5 மணி மீதி, மீதி இருக்கும் பொருளை இன்னும் கொண்டுவந்து என்ன பயன்? சித்தப்பா இன்னொரு ஆளை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இந்த நிலைமையில் ஆள் வேண்டாம், எண்ணெய்தான் வேண்டும் என்று அந்தப் பூஜ்யம் சொல்லிவிட்டது.

8,667 என்பதை எப்படிப் படிப்பது என்று புரிந்துகொள்ளுங்கள். வீசைக்கு 3,000, 4,000 என்று லாபம் போட்டபோதே எண்ணெயின் வழக்கமான விலையைக் கழித்துவிட்டோம். அதனால் இது வழக்கமான விலைக்கு மேலே எவ்வளவு வரை கொடுக்கலாம் என்கிற எண். வேறொரு கடையில் வீசைக்கு 2,000 கூடக் கேட்டாலும் தயங்காமல் வாங்கலாம். ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் இல்லை. ரிப்போர்ட்டில் அலோவபிள் இன்க்ரீஸ் என்ற இடத்தில் 2.5 என்று இருக்கும்: எண்ணெய் 47.5 வீசை ஆகும் வரைதான் இந்த விலை செல்லும், அதற்கு மேல் ஆள் நேரம் தீர்ந்துபோய் அது தடையாக வந்து நிற்கும். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ரெண்டு வீசை கூட வாங்கிக்கிட்டா போதும், அஞ்சு வேண்டாம்" என்றார். அதுதான் சரியான வாசிப்பு.

லிப்ரேஆபீஸில் இந்த ரிப்போர்ட் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். ஈ6இல் 45ஐ 46 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். லாபம் 5,38,667 வரும். வித்தியாசம்தான் தட்டுப்பாட்டின் விலை.

அதே ரிப்போர்ட்டில் மேல் பாதி லாப எண்களைப் பற்றியது. முறுக்கு 3,000 நிற்கும்போது காராசேவு லாபம் 3,000க்கும் 10,500க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் 70, 80 என்கிற திட்டம் மாறாது. காராசேவு லாபம் 4,000ஆ 3,800ஆ என்று சித்தப்பாவும் சித்தியும் வேறு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், திட்டத்துக்கு அது தேவையே இல்லாத சண்டை.

புதுப் பண்டம் சேர்க்கலாமா என்பதற்கும் இந்த விலைகளே போதும். ரிப்பன் பக்கோடாவில் வீசைக்கு 4,200 நிற்கும் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு மாவு 0.5, எண்ணெய் 0.4 வேண்டும். 0.5 தடவை 2,000, 0.4 தடவை 8,667, கூட்டினால் 4,467. அதாவது ஒரு வீசை பக்கோடாவுக்காக முறுக்கிலும் காராசேவிலும் 4,467 இழக்கிறோம், வருவதோ 4,200. இப்போதைக்கு வேண்டாம்.

முழு எண் வேண்டும் என்றால்

எண்ணெய் 46 ஆனபோது விடை முறுக்கு 74.67, காராசேவு 78.67 என்று வந்தது. பாத்திரத்துக்கு ஒரு வீசை என்று போடுகிறவருக்கு இது உதவாது. மேலே தூக்கி 75, 79 என்று எடுத்தால் எண்ணெய் 46.2 வேண்டும், இல்லை. கீழே இறக்கி 74, 78 என்று எடுத்தால் லாபம் 5,34,000. தடைகளில் பி3:சி3 இன்ட் என்று சேர்த்து ஓட்டினால் 75, 78 என்று வந்து 5,37,000 தரும். எக்ஸலில் சால்வர் ஆப்ஷன்ஸுக்குள் இன்டிஜர் ஆப்டிமாலிட்டி 1 சதவீதம் என்று இருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் கிட்டத்தட்ட நல்ல விடையிலேயே நின்றுவிடும். முழு எண் தடை போட்டால் சென்ஸிட்டிவிட்டி ரிப்போர்ட் கிடைக்காது, அதனால் முதலில் தசமத்தோடு ஓட்டித் தட்டுப்பாட்டின் விலைகளைக் குறித்துக்கொண்டு அப்புறம் இன்ட் போடுங்கள்.

விகிதம், இஃப், ரவுண்ட்

முறுக்கு மொத்தத்தில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று ஒரு தடை வேண்டுமென்றால், முறுக்கை மொத்தத்தால் வகுத்து 0.4 என்று எழுதாதீர்கள், வகுத்தால் நேர்கோடு போய்விடும். முறுக்கு >= 0.4 தடவை மொத்தம் என்று பெருக்கலாக எழுதினால் அதே பொருள், நேர்கோடும் கெடாது. முடிவு செல்களைத் தொடும் ஃபார்முலாவில் இஃப், மேக்ஸ், ரவுண்ட் எதுவும் வரக்கூடாது. வந்தால் லீனியர் நிபந்தனைகள் பொருந்தவில்லை என்று எக்ஸல் சொல்லும்.

எல்லையே இல்லை என்கிற மாதிரிச் செய்தி வந்தால் ஏதோ ஒரு தடையை எழுத மறந்துவிட்டீர்கள், பெரும்பாலும் <= என்பதற்குப் பதில் >= போட்டிருப்பீர்கள்.

விடையே இல்லை என்று வந்தால்தான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தைப்பூச வாரத்துக்குக் கோயில் அன்பர்கள் முறுக்கு குறைந்தது 60, காராசேவு குறைந்தது 90 வீசை கேட்டார்கள். பி3 >= 60, சி3 >= 90 என்று சேர்த்து ஓட்டினேன், விடை இல்லை என்று வந்துவிட்டது. இப்படி வந்தால் சால்வரை விட்டுவிட்டு, மஞ்சள் செல்களில் கேட்ட எண்களைக் கையால் போட்டு டி பத்தியைப் பாருங்கள். எண்ணெய் 45, சரி. நேரம் 52.5, சரி. கடலை மாவு 75, இருப்பதோ 70. ஐந்து வீசை மாவுதான் குறை. நம் ஊர் உலர்மண்டலத்திலேயே, சகாயிங், மாகுவே பக்கம் விளைகிற கடலைதானே, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று சித்தப்பா வேறொரு மில்லில் ஐந்து வீசை அரைத்து வாங்கி வந்தார். ஈ5இல் 75 போட்டு ஓட்டினோம், 60, 90 என்று அப்படியே வந்தது, லாபம் 5,40,000. பழைய 5,30,000த்தோடு ஐந்து தடவை 2,000ஐக் கூட்டிப் பாருங்கள் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி விரல் விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, மில்காரர் வீசைக்கு எவ்வளவு கூட வாங்கினார் என்று சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். எண்ணூறு என்றார் அவர்.